விரல் நின்ற வரி

என் மனைவிக்கு எதற்கெடுத்தாலும் வேதம் பதில் சொல்லியாக வேண்டும். கண்ணை மூடிக்கொள்வாள், பைபிளைத் திறப்பாள், விரலை வைப்பாள். விரல் நின்ற வரிதான் தீர்ப்பு. எங்கள் வாஷிங் மெஷின்கூட அப்படி வந்ததுதான். கழுவுவதைப் பற்றி ஏதோ ஒரு வரி கிடைத்ததாம். எந்தக் கம்பெனி என்று வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். அன்று முழுக்க என்னோடு பேச்சு கிடையாது.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஆராதனைக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, முடிகிற வரை வெளியே வண்டியில் சாய்ந்து நிற்கிற ரகம்.

அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள் அவள். ஊருக்கெல்லாம் மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல்லுகிறவள், வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு நேரே புத்தகத்தைத்தான் திறந்தாள்.

"ஆபரேஷன் வேண்டாங்க."

எட்டிப் பார்த்தேன். ஒரு ராஜா நோயில் கிடக்கிறான். தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திக்கொள், நீ பிழைக்கப் போவதில்லை என்கிறார். விரல் அந்த வரியில் நின்றது.

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உடனே வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டாள். ஒழுங்குபடுத்துவது என்றால், எனக்குப் பாடம் நடத்துவது. கேஸ் புக் பண்ணுகிற நம்பர், எந்த அலமாரியில் போர்வை, வெள்ளைத் துணியை ஏன் தனியாகப் போட வேண்டும். இருபது மாடி லிஃப்டைப் பிரித்துப் பூட்டுகிறவனுக்கு வாஷிங் மெஷினில் எந்தக் குமிழைத் திருகுவதென்று தெரியவில்லை.

பாஸ்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். "வேதத்தைச் சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி எடுக்கக் கூடாதும்மா" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது. "சரிங்க பாஸ்டர்" என்று போனை வைத்தாள். "இது துண்டு, இது பெட்ஷீட். மாத்தி விரிச்சுடாதீங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எவனோ எப்பவோ எழுதினதுக்காக நீ சாகணுமா?"

"எவனோ எழுதலைங்க. கை மனுஷங்களோடது. எழுத வச்சவர் ஆண்டவர். அதுல ஒரு வரிகூட வீண் கிடையாது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் அவளுக்குத் தெரியாமல் அந்தப் புத்தகத்தை டூல் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்காவது ஒரு ஓட்டை கிடைக்காதா, அதை வைத்து அவள் வாயை அடைக்கலாமே என்கிற எண்ணம்தான். சாப்பாட்டு நேரத்தில் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். முதல் பழுதைப் பார்த்ததும் எங்கள் வேலையில் யாரும் நிறுத்துவதில்லை, கடைசி வரை பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் விரல் நின்ற வரியைத் தாண்டியும் படித்தேன். படிக்கப் படிக்க உடம்பு சிலிர்த்தது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அந்த ராஜா சுவர்ப் பக்கம் திரும்பி அழுகிறான். தீர்க்கதரிசி முற்றத்தைத் தாண்டுவதற்குள் ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்புகிறார். இன்னும் பதினைந்து வருஷம் கொடுக்கிறார். ராஜா உடம்பில் இருந்த கட்டிக்கு அத்திப்பழத்தில் பத்து போடுகிறார்கள். ராஜா பிழைத்துக்கொள்கிறான்.

"மருந்துதானே போட்டாங்க? நீ கடையில எடுத்துக் குடுக்கிறியே, அந்த மாதிரி!"

"தெரியுங்க. சின்ன வயசுல இருந்து படிக்கிற கதை. ஆனா என் விரல் அங்கதானே நின்னுச்சு?"

"எழுதினவங்க கையை அவர் பிடிச்சார், சரி. உன் விரலையும் பிடிச்சாரா? வசனம் அவரோடது. விரல் உன்னோடது. ஒரு வரியும் வீண் இல்லன்னு நீதானே சொன்னே? அப்ப அடுத்த வரி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

மடித்த துணியை மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"செவ்வாய்க்கிழமை போலாங்க" என்றாள் கடைசியில்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பதினஞ்சு வருஷம்! எழுதியே வச்சிருக்கு!" என்று கத்தினேன்.

அவள் தலையாட்டி மறுத்தாள். "அது அந்த ராஜாவுக்குச் சொன்னது. சாவைச் சொன்ன வரி எனக்கில்லன்னா, பதினஞ்சு வருஷமும் எனக்கில்லைங்க. பிடிச்ச வரியை மட்டும் பிச்சு எடுத்துக்க முடியுமா?"

நான் சொன்னதையே என்னிடம் திருப்பிவிட்டாள். மகிழ்ச்சியெல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. "அப்ப நமக்குன்னு என்னதான் இருக்கு அதுல?"

"அழுதான்ல. அவர் கேட்டார்ல" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் அழுததே இல்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவள் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டு விரல் வைக்காதீங்க. முதல்ல இருந்து படிங்க."

கதவு மூடியது. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். தரை துடைத்துக்கொண்டு வந்த அம்மா, "ஐயா, கதவு அந்தப் பக்கம்" என்றார். தெரியும் என்றேன். முதல் பக்கத்தைத் திறந்தேன். எழுத்து கலங்கிக் கலங்கித் தெரிந்தது.

மறுநாள் அவள் கண் விழித்தபோது மூக்கிலும் கையிலும் குழாய். பக்கத்தில் குனிந்தேன். குரல் காற்றாகத்தான் வந்தது.

"எது வரைக்கும் படிச்சீங்க?"

"முதல் பக்கத்தைத் தாண்டலை" என்றேன் வெட்கத்தோடு.

அவள் உதடு லேசாக விரிந்தது.

"மெதுவாப் படிங்க. அவசரமில்லை."