வாயசைவு

பன்னிரண்டாவது முறையாகத் திரையில் அந்தப் பெண் கண் விழித்தாள். மைக்கின் முன்னால் நின்றவளுக்கு இந்த முறையும் குரல் எழும்பவில்லை.

இருபது வருடமாக டப்பிங் பேசிப் பிழைப்பவள். படம் வேற்றுமொழிக் காதல் படம். நூறு வருடம் தூங்கிய இளவரசியின் கதைதான். முள்வேலிக்குப் பதில் கண்ணாடிக் கதவு, அரண்மனைக்குப் பதில் ஆஸ்பத்திரி. காதலன் முத்தமிட்டதும் கண் திறந்து, "யாரு நீங்க?" என்பாள். அவ்வளவுதான் வசனம்.

இரண்டு தெரு தள்ளி இன்னோர் ஆஸ்பத்திரியில், மாடிப்படியில் தவறி விழுந்த அவள் மகள் ஒன்பது நாளாகக் கண் திறக்கவில்லை. "பேசிக்கிட்டே இருங்கம்மா, காதுல விழலாம்" என்றிருந்தாள் நர்ஸ். வாயை வைத்தே வாழ்ந்தவளுக்கு அங்கே வாய் வரவில்லை. "சாப்பிட்டியாடி?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

"இந்தக் கதைய எத்தன தடவதான் எடுப்பானுங்களோ! நான் பதிவு பண்றதே இது நாலாவது" என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர்.

"ஒவ்வொரு தடவையும் எழுந்துடுறாளே தம்பி. அதுக்குத்தான் கூட்டம் வருது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்குப் பாத்துக்கலாமாக்கா?"

"வேணாம். ஓட்டு."

திரையில் இருப்பவளைத் தூங்கவிட்டுப் போனால் மகளும் எழுந்திருக்க மாட்டாள் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். கடவுளே, இந்த ஒரு வரி மட்டும்.

திரையில் உதடு அசைந்தது. மைக்கின் முன்னால் அவள் "அம்மா" என்றாள்.

தவறான வசனம். குரலும் அவளுடையதல்ல. இளம் நாயகிகளுக்கு அவள் மகளின் குரலைத்தான் இரவல் வாங்கி, அதே மாதிரி பேசுவாள். "என் தொண்டையத் திருடிட்டியே, திருடி!" என்று மகள் கேலி செய்வாள்.

ஒலிப்பதிவாளர் பதிவை ஓட்டிப் பார்த்தார். "அச்சாப் பொருந்துதுக்கா! யாரு நீங்கன்னா உதடு ஒட்டவே ஒட்டாது. அவ உதடு ஒட்டிப் பிரியுது பாருங்க."

"முத்தம் குடுத்தவன் பாவம் இல்லையா?"

"கண்ணு முழிச்சதும் யாருதான் வேற சொல்லுவா? டைரக்டர் கத்துனா நான் பேசிக்கிறேன்."

"இன்னொரு தடவ போடுப்பா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவள் கையை உயர்த்தும்வரை போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா. அம்மா. அம்மா.

வார்டில் பிற்பகல் வெயில் கட்டிலின் பாதிவரை வந்திருந்தது. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு அவள் மகளிடம் கதையை ஆரம்பித்தாள். தூக்கம், கண்ணாடிக் கதவு, மோட்டார் பைக்கில் பறந்துவரும் காதலன் என்று ஒன்று விடாமல், எல்லாக் குரலிலும் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன்கூட செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டான்.

"கண்ணு முழிச்சதும் அந்தப் பொண்ணு என்ன சொன்னா தெரியுமாடி?"

அந்த வரியை அவள் சொல்லவில்லை. மகளின் காய்ந்த உதடுகளையே பார்த்தாள். திரையில் உதடு பிரிவதற்கு ஒரு நொடி முன்பு மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வது தொழிலில் வந்த பழக்கம். இழுத்துக்கொண்டாள். விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.