சீரகக் கஷாயமும் ஒரு தையலும்

பிற்பகல் மூன்று மணிக்கு ரஞ்சனிக்கு வலி கண்டது. முதுகில் தொடங்கி, இடுப்பைச் சுற்றி வந்து, அடிவயிற்றில் ஒரு பிடி பிடித்துவிட்டு விலகியது. பன்னிரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் வந்தது.

அம்மா வேலம்மாள் அடுப்பில் வாணலியை வைத்துச் சீரகத்தை வறுக்க ஆரம்பித்தாள். ஸ்ரீரங்கத்தில் அந்தத் தெருவில் நிறைமாதப் பெண்ணுக்கு வலி வந்தால் முதலில் சீரகக் கஷாயம்தான். குடித்து அரைமணியில் அடங்கினால் பொய்வலி, ஏறினால் மெய்வலி என்று கணக்கு. மெய்வலி என்று தெரிந்த பிறகுதான் ஆட்டோ. வீண் அலைச்சல் மிச்சம் என்பார்கள். ஆனால் அதற்கு அரைமணி காத்திருக்க வேண்டும். ரஞ்சனியால் காத்திருக்க முடியாது. ஏன் என்று அம்மாவுக்குத் தெரியாது, அவள் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் முதல் குழந்தை ஐந்தாம் மாதத்தில், வலிகூட இல்லாமல், நழுவிப் போயிற்று. அப்போது ரஞ்சனி தொண்ணூற்றெட்டு கிலோ. உறவில் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள். "இந்த உடம்பை வெச்சுக்கிட்டு எப்படிடி தங்கும்?" என்று வேலம்மாளும் கேட்டாள். ரஞ்சனி அதை மறக்கவில்லை.

இந்த முறை அவளும் கணவன் மாதவனும் டாக்டர் லூர்துராணியிடம் போனார்கள். மாதவன் ஆலையில் ஃபிட்டர், குடித்தனம் கைலாசபுரத்தில். டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கருப்பை என்பது தலைகீழாகத் தொங்கும் சுருக்குப்பை மாதிரி. அதன் வாய் நீளமாகவும் கெட்டியாகவும் இருந்து, பிரசவம் நெருங்கும்வரை மூடியிருக்க வேண்டும். சிலருக்கு அது வலியே இல்லாமல் முன்கூட்டியே நீளம் குறைந்து திறந்துகொள்ளும். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில், கொழுப்பு அடுக்கைத் தாண்டி ரஞ்சனிக்கு அந்த வாய் சரியாகத் தெரியவில்லை. அதனால் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து அளந்தார்கள். பத்தொன்பதாம் வாரத்தில் வாயின் நீளம் பதினெட்டு மில்லிமீட்டர்தான் இருந்தது. இருபத்தைந்துக்குக் கீழே போனாலே கவலை.

"உங்க எடையால சுகர், பிரஷர் வரலாம். அதுக்குத் தனியா பார்த்துக்கணும். ஆனா இந்த வாய்க்குத் தேவை ஒரு தையல்" என்றார் டாக்டர்.

தடித்த நூலை அந்த வாயைச் சுற்றி நாலைந்து இடத்தில் கோத்து, இழுத்து, முடிச்சுப் போடுவதுதான் வேலை. மாதவன் யோசித்துவிட்டுக் கேட்டான்: "டாக்டர், வெயிட் அதிகமா இருக்கே. நூலும் இன்னும் தடிமனாப் போடலாமா? எங்க ஒர்க்ஷாப்ல லோடுக்குத் தகுந்த ரோப்தான் போடுவோம்."

"இது கிரேன் இல்லைங்க. உங்க சம்சாரம் இந்த நூல்ல தொங்கப் போறதில்லை." டாக்டர் சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் ஒன்று சொன்னார். முப்பத்தாறு வாரம் முடிந்ததும் தையலைப் பிரிக்க வேண்டும். அதற்கு முன் வலி வந்தால் உடனே வர வேண்டும். கருப்பை தள்ளும், வாய் திறக்கப் பார்க்கும், நூல் விடாது. நூல் அறாது, சதைதான் கிழியும்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்தது ரஞ்சனிதான். ஒன்பதாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது, ஆஸ்பத்திரி ஃபைல் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே வந்தது. வரும் வியாழக்கிழமை தையல் பிரிக்கும் நாள். செக்கப் என்று சொல்லிவிட்டுப் போய் வந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். இன்று திங்கள்.

மாதவன் ஷிப்டில் இருந்தான், போனை எடுக்கவில்லை.

"சூடா இருக்கு, ஊதிக் குடி" என்று அம்மா டம்ளரை நீட்டினாள்.

"ஆட்டோ கூப்பிடும்மா."

"முதல்ல குடி. இன்னும் நாள் கிடக்கு, பொய்வலிதான். உன் சித்தி இப்படித்தான் மூணு தடவை ஓடினா. கடைசியில ஆஸ்பத்திரி வாட்ச்மேன், 'என்னக்கா, இன்னிக்காவது பெறுவீங்களா'ன்னு கேட்டான்."

அடுத்த வலி எட்டே நிமிடத்தில் வந்தது. ரஞ்சனி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். வலி விட்டதும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அம்மா, என் கருப்பை வாயைத் தையல் போட்டு மூடியிருக்காங்க. அதை இப்பவே பிரிக்கணும். இல்லேன்னா கிழிஞ்சிடும்."

"தையலா? எப்போ போட்டது?"

"நாலு மாசமாச்சு."

"நாலு மாசமா? பெத்தவகிட்ட சொல்லலையா?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பே? 'உடம்பு பெருத்துப் போச்சு, தைச்சு வெச்சிருக்காங்க'ன்னு காட்டூர் அத்தைவரைக்கும் போயிருக்கும்."

வேலம்மாள் டம்ளரை அப்படியே ஜன்னலில் வைத்துவிட்டு, வாசலுக்கு ஓடி எதிர்வீட்டு நிஜாமுதீனின் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பள்ளிக்கூட வேன்கள் திரும்பும் நேரம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. "பள்ளம் பார்த்து, தம்பி" என்று ஒருமுறையும், "கொஞ்சம் வேகமா, தம்பி" என்று மறுமுறையும் வேலம்மாள் சொன்னாள். "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா" என்று நிஜாமுதீன் ஹாரனை அழுத்தினார். பாலத்தைக் கடப்பதற்குள் இரண்டு வலி வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் லூர்துராணி பரிசோதித்தார். வாய் மெலிந்திருந்தது. நூல் விறைத்து, ஓரிடத்தில் சதையை அறுக்க ஆரம்பித்து, ரத்தம் கசிந்தது. பின்னால் தேடிப் பிடிப்பதற்காகவே முடிச்சின் நுனியை நீளமாக விட்டிருந்தார்கள். அதைப் பிடித்து இழுத்து, முடிச்சுக்குக் கீழே ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்தார். நூல் முழுசாக உருவிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிட வேலை.

"கிழியலைங்க. இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்கன்னா கதை வேற" என்றார்.

ஏழே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ நானூறு. பிறந்ததும் அழுதது. கொஞ்சம் முன்னால் வந்துவிட்டதால், மூச்சைக் கவனிக்க இரண்டு மணி நேரம் குழந்தைகள் வார்டில் வைத்திருந்து, பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குள் டாக்டர் வேலம்மாளுக்கும் அந்தப் படத்தைப் போட்டு, உள்ளே அளந்த கதையைச் சொல்லியிருந்தார்.

காட்டூர் அத்தை போன் செய்தபோது ரஞ்சனி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அத்தையின் குரல் கட்டில்வரை கேட்டது. "பரவாயில்லையே வேலம்மா! அவ்வளவு பெரிய உடம்புல எப்படித் தங்குச்சு?"

வேலம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கருப்பை வாய் பலமில்லாம இருந்துச்சு அண்ணி, தையல் போட்டாங்க, தங்குச்சு. போன தடவையே யாராவது உள்ள அளந்து பார்த்திருந்தா அதுவும் தங்கியிருக்குமோ என்னவோ. நாமதான் வெளியில நின்னுக்கிட்டு எடையைப் பேசிட்டிருந்தோம். நானும்தான்."

வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெதுவாகப் பேசு என்று அம்மாவிடம் சொல்லலாமா என்று ரஞ்சனி நினைத்தாள். சொல்லவில்லை.