நாலாம் வீட்டின் பதில்

1

இது நான் களவெடுத்த கதை. சொந்தக்காரர் நல்லரத்தினம், நாவற்குடா வாவிக்கரையில் ஓர் ஐஸ் பெக்டரியில் மெசின் பார்த்தவர். வாழ்நாளில் ஒரே ஒரு தரம், என் அம்மாவிடம் மட்டும் சொன்னார். ஏன் அம்மாவிடம் என்று இப்போதே கேட்காதீர்கள்.

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

"வாவியின் மேல் மூடுபனி…" (பொய். ஆவணி வெயிலில் மூடுபனி ஏது?)

"யுத்தம் என்பது ஒரு…" (வேண்டாம். இப்படித் தொடங்கியவர்கள் எக்கச்சக்கம்.)

"பலகையில் ஐந்து பல்புகள் இருந்தன." இது இருக்கட்டும்.

2

பலகையில் ஐந்து பல்புகள் இருந்தன. வருடம் தொண்ணூற்றாறு. ஐஸை உறையவைப்பது அமோனியா. குழாய் வெடித்தால் கண் எரியும், மூச்சு அடைக்கும், கூடிப்போனால் ஆளே போய்விடும். முன்பு கூரையில் ஒரு சங்கு இருந்தது. அது ஊதினால் ஷெல் வருகிறதென்று சனம் பங்கருக்குள் ஓடும். காவல் சென்றியில் நிற்கும் ஆமிக்காரன் பயத்தில் சுடுவான். ஆமி முகாமிலிருந்து வந்து கழற்றச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக முதலாளி ஓர் ஏற்பாடு செய்தார். கச்சான் காற்று வீசும் பக்கத்தில் ஐந்து வீடுகளுக்கு வயர் இழுத்து, வீட்டுக்கொரு மணியும் பொத்தானும் வைத்தார். பெக்டரியில் சுவிட்சைப் போட்டால் ஐந்து வீட்டிலும் மணி அடிக்கும். வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினால் அங்கே மணி நிற்கும், இங்கே அந்த வீட்டு பல்ப் எரியும். கேட்டுவிட்டோம், ஓடுகிறோம் என்று அர்த்தம். எரியாத வீட்டுக்கு நல்லரத்தினம் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டவேண்டும். வெள்ளிதோறும் காலை பத்துக்கு ஒத்திகை.

(நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் நான் அதில் குறை சொல்லமாட்டேன். குறை, மனிதருக்கு மனிதர் பாவம் பார்த்ததில் வந்தது.)

3

நல்லரத்தினம் எதையும் எண்ணிப் பார்க்கிற ஆள். முதல் வீட்டு பல்ப் ஆறு எண்ணுவதற்குள் எரியும். அடுத்த இரண்டும் பத்து, பன்னிரண்டு. ஐந்தாம் வீட்டுக் கண்ணகை கிணற்றடியில் நின்றால் இருபதும் ஆகும். நாலாம் வீடு மட்டும் அவர் சுவிட்சிலிருந்து கையெடுக்குமுன் எரிந்தது. மூன்று வெள்ளி பார்த்தார், மூன்று வெள்ளியும் அப்படியே. மணி அடிக்கப்போவது அந்த வீட்டுக்கு முதலே தெரிந்திருக்கிறது.

நாலாம் வெள்ளி சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டுக் கிளம்பினார். சென்றியில் சட்டையைத் தூக்கிக் காட்டி, வெயிலில் அரை மணி நேரம் நின்று, போய்ச் சேர்ந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னலால் எட்டிப் பார்த்தார். மணி சத்தமில்லாமல் தொங்கியது. பதில் சொன்ன வீட்டில் ஒருவரும் இல்லை.

(இந்த இடத்தில் ஒரு பேயைக் கொண்டுவர எனக்குச் சரியான ஆசை. கதவிடுக்கில் ஒரு கை தெரிந்த மாதிரி எழுதியும் விட்டேன். வெட்டிவிட்டேன்.)

பதினொன்றரைக்கு வீட்டுக்காரி சீதேவிப்பிள்ளை வந்தார். ஐம்பது வயது, தனி ஆள். மகனை முகாமுக்குக் கொண்டுபோய் ஏழு மாதம். வெள்ளி காலையில்தான் வாசலில் விசாரிக்க விடுவார்கள். கதவைத் திறந்தார். பொத்தானில் ஒரு தென்னை ஈர்க்கு இறுக்கிச் செருகியிருந்தது.

"என்னக்கா இது? ஆளில்லாத வீட்டில பல்ப் எரியிது."

"நாந்தான் தம்பி செருகினன். எரியாட்டி நீங்க வருவீங்கதானே. முந்தி ஒரு வெள்ளி நீங்க இஞ்ச வரக்குள்ள அவனுகள் உங்கள முழங்கால்ல நிப்பாட்டி வெச்சிருந்தத நான் காம்ப் வாசல்ல நிண்டு பாத்தன். என்னால ஏலாம போச்சு."

"அதுக்காக இப்பிடியா?"

"வெளிய போகக்குள்ள மட்டுந்தான். வந்தொடன புடுங்கிருவன். ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு நீங்க வந்து அடிபடுற?"

நல்லரத்தினம் ஈர்க்கைப் பிடுங்கினார். பிறகு அதை அவர் கையிலேயே கொடுத்தார்.

(முதல் வரைவில் முறித்து எறிந்தார் என்று எழுதியிருந்தேன். அம்மா வாசித்துவிட்டு, "பொய் எழுதாத மனே. அந்த மனிசன் குடுத்தது. அதச் சொல்லக்குள்ளதான் அழுதது" என்றார்.)

"மறந்துராதீங்க அக்கா."

"ஓம் தம்பி, மறப்பனா?"

4

குழாய் வெடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகாலுக்கு. நல்லரத்தினம் ஈரத்துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். அந்தக் கணமே நாலாம் வீடு எரிந்தது. பிறகு ஒன்று, மூன்று, இரண்டு. ஐந்து எரியவில்லை. முப்பது வரை எண்ணினார்.

நாலில் ஈர்க்கு இருக்கிறது, மணி அடிக்கவே இல்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. சீதேவிப்பிள்ளை வெளியே போயிருக்கலாம். மறந்துபோய் உள்ளேயும் இருக்கலாம். ஐந்தில் மணி அடிக்கிறது, கேட்பாரில்லை. கச்சான் விசையாக வீசியது. சென்றியில் நின்றவர்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடியிருந்தார்கள். ஒரு வீட்டுக்கு மட்டுமே நேரம் இருந்தது.

5

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) சீதேவிப்பிள்ளை முகாம் வாசலில் நிற்கிறார். உள்ளேயிருந்து மகன் நடந்து (ஆசைதான். வெட்டிவிட்டேன்.)

ஆ) நாலு நாளாகக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை வந்த கையோடு பாயில் விழுந்தவர் ஈர்க்கை மறந்து

நடந்தது இரண்டாவது. அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க ஏலவில்லை.

செத்தவீடு முடிந்து, அடுத்த வெள்ளி ஒத்திகை நடந்தது. நாலாம் வீட்டுச் சாவி நல்லரத்தினத்திடம், ஈர்க்கு அவர் சட்டைப்பையில். சுவிட்சைப் போட்டார். மற்ற நாலும் எரிந்தன. பதினாலு எண்ணும்போது நாலாம் வீடும் எரிந்தது. காய்ச்சல்காரர் ஒருவர் பாயிலிருந்து எழும்பி, சுவரைப் பிடித்து நடந்துவந்து அழுத்த அவ்வளவு நேரம் எடுக்கும்.

(வயர் நனைந்திருக்கும் என்றாராம் முதலாளி. இருக்கலாம். அந்த மாதம் ஒரு துளி மழை இல்லை.)

எரிந்த வீட்டுக்குப் போகத் தேவையில்லை என்பது விதி. நல்லரத்தினம் போகவில்லை.

6

அந்தச் செவ்வாய்க்கிழமை கண்ணகை கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டிருந்தார், மணி கேட்கவில்லை. உள்ளே சேலையில் கட்டிய ஏணையில் நாலு மாதப் பிள்ளை. கண்ணகை என் அம்மா. பிள்ளை நான்.

வீடுகளுக்குப் போகும் ஒழுங்கைச் சந்தியில் நல்லரத்தினம் ஒரு காலை ஊன்றிச் சைக்கிளோடு நிற்கிறார். இடப்பக்கம் நாலாம் வீடு, வலப்பக்கம் ஐந்தாம் வீடு. எத்தனை வரைவு எழுதினாலும் நான் அவரை வலப்பக்கமே திருப்புகிறேன். இடப்பக்கம் திருப்பினால் இதை எழுத ஆளில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவருக்குக் கண் எரிகிறது, கெதியாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கம்?