அட்டையின் பின்புறம்

எகிப்தின் மின்யா நகரக் குடிப்பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக எழுத்தராயிருந்த சப்ரி அப்துல் ஹக், யாரிடமும் மதத்தைக் கேட்பதில்லை. பெயரைப் பார்ப்பார், அடையாள அட்டை விண்ணப்பத்தில் அதற்குரிய கட்டத்தைத் தாமே நிரப்பிவிடுவார். நாலு பேர் முன்னிலையில் ஒருவரை அப்படிக் கேட்பது அநாகரிகம் என்பது அவர் எண்ணம். முஸ்லிம் முகம்மதுவையும் கிறிஸ்தவ ஜிர்ஜிஸையும் பிரித்தறியக் கேள்வி எதற்கு?

ஒரு காலையில் ஹனான் இப்ராஹிம் தாவூத் என்ற பெண் கவுண்டருக்கு வந்து, தன் புதிய அட்டையைப் பின்புறம் திருப்பி வைத்தாள். ஞாயிறன்று அவளுக்குத் திருமணம். பதிவுக்காக அட்டையை வாங்கிப் பார்த்த பாதிரியார், முஸ்லிம் என்று எழுதியுள்ள பெண்ணுக்குத் தேவாலயத்தில் மணம் முடித்துவைக்க இயலாது என்று அனுப்பிவிட்டாராம்.

சப்ரி சிரித்தார். கைப்பிழைதான், பத்து நிமிட வேலை என்றார். கணினி அவருடைய திருத்தத்தை ஏற்கவில்லை. மேலதிகாரி ரஷ்வானிடம் போனார்.

ரஷ்வான் குரலைத் தாழ்த்தினார்.

"கிறிஸ்தவன்னு இருக்கிறதை முஸ்லிம்னு மாத்தணுமா, இப்பவே மாத்தித் தர்றேன். இது எதிர்ப்பக்கம், சப்ரி. இஸ்லாத்தை விட்டுப் போறான்னு ஆயிடும். கோர்ட்டுக்குப் போகட்டும். அவ புள்ளைக்குக் கல்யாணம் ஆகறதுக்குள்ள தீர்ப்பு வந்துடும்."

விதி சப்ரி அறியாததன்று. அது மதம் மாறுகிறவர்களுக்கு உரியது என்றே நினைத்திருந்தார். தம் பேனாவின் பிழைக்கும் அதே பூட்டு!

அவர் திரும்பி வந்து விவரம் சொன்னபோது ஹனான் அழவில்லை. சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டில் பச்சை குத்திய சிலுவை.

"மூணு வயசுல குத்தினது, உஸ்தாத். பேரைப் பார்த்தீங்க, சரி. இந்தக் கையாலதானே உங்க முன்னாடி கையெழுத்துப் போட்டேன்?"

இப்ராஹிமும் தாவூதும் இரு மதத்தாரும் வைக்கும் பெயர்கள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இதுவரை எத்தனை இப்ராஹிம்கள், எத்தனை தாவூதுகள் அந்தக் கவுண்டரைக் கடந்திருப்பார்கள்?

ஞாயிறு வந்தது, திருமணம் நடக்கவில்லை. பிழையை எழுத்தில் ஒப்புக்கொண்டால் ஓய்வூதியத்துக்கே ஆபத்து என்று ரஷ்வான் எச்சரித்திருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஹனானின் மனு விசாரணைக்கு வந்தது. அவளுடைய தந்தைக்குப் பக்கத்தில் சப்ரி எழுந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு மதம் மாறலை, ஐயா. அவ பொறப்புச் சான்றுல கிறிஸ்தவள்னுதான் இருக்கு. நான் அதைப் பிரிச்சுப் பார்க்காம, என் இஷ்டத்துக்கு எழுதிட்டேன்."

இதனால் வேலை போகலாம் என்பது தெரியுமா என்று நீதிபதி கேட்டார். தெரியும் என்ற சப்ரி, வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தம் பெயரை முழுதாக எழுதினார்.