நாகூர் முகவரியில் ஒரு பெட்டி

யங்கோன் நகரத்துப் பபேடானில் நாலாவது மாடி வீட்டில், அய்யூபின் சாய்வு நாற்காலிக்கு நேர் எதிரே இருந்த அந்த டிஷ் பெட்டி, கம்பெனிக்காரனைப் பொறுத்தவரை யங்கோனில் இல்லவே இல்லை. அது நாகூரில், அவர் மனைவி ஹாஜராவின் தம்பி ரஹ்மத்துல்லா வீட்டுக் கூடத்தில் இருந்தது. இந்தியப் பெட்டிக்கு இந்திய முகவரி வேண்டும், மாதச் சந்தாவையும் அங்கிருந்துதான் கட்ட வேண்டும். அதனால் பெட்டி ஓர் ஊரிலும் அதன் விலாசம் இன்னோர் ஊரிலுமாகப் பல வருஷமாகக் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

இதில் பெட்டியைவிட அய்யூப்தான் அதிகம் குழம்பிப் போயிருந்தார். முட்டி வலி வந்து, மாடி இறங்குவதை விட்டு, குடைக்கடையையும் மருமகன் கையில் கொடுத்த பிறகு டிவியே கதி. நாகப்பட்டினத்தில் புயல் எச்சரிக்கை என்று செய்தியில் சொன்னால் இங்கே ஜன்னலைச் சாத்தச் சொல்வார். திருச்சியில் எந்த நகைக்கடையில் சேதாரம் குறைவு என்பது ஹாஜராவுக்கும் மனப்பாடம். திருச்சிக்கு அவள் போனதில்லை, நகை வாங்குகிற நிலையிலும் இல்லை.

அக்காவும் தம்பியும் யங்கோனில் பிறந்தவர்கள்தான். தம்பி நாகூரில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். உம்மா கண் ஆபரேஷனுக்கென்று அவனிடம் போனவள், திரும்பி வரவில்லை. அப்போதுதான் அவன் இந்தப் பெட்டியை ஆள் மூலம் கொடுத்தனுப்பினான். "உம்மா பாக்குற நாடகத்தையே நீயும் பாரு லாத்தா. போன்ல பேசுறதுக்கு ரெண்டு பேருக்கும் விஷயம் இருக்கும்" என்றான். அப்படித்தான் பேசினார்கள். நாடகத்து மாமியாரைத் தாயும் மகளும் கடல் கடந்து சேர்ந்து திட்டினார்கள். அதில் ஹாஜராவுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

பிறகு யங்கோனில் ஊர் முழுக்க இன்டர்நெட்டை வெட்டிப் போட்டிருந்த ஒரு வாரத்தில் உம்மா மௌத்தானாள். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள்தான் ஹாஜராவுக்குத் தெரிந்தது. லைன் கிடைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எனக்கு மொகத்தக் காட்டாம மண்ணப் போட்டுட்டியாடா?" என்பது. எத்தனை தடவை கூப்பிட்டும் லைன் போகவில்லை என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அவனுக்கும் கோபம் வந்தது. "மொகம் பாக்கணும்னு இருந்தவ, உசிரோட இருக்கறப்ப வந்து பாத்திருக்கணும்" என்றான்.

அன்றோடு பேச்சு முறிந்தது. நாலு வருஷம் ஓடிவிட்டது.

ஆனால் டிவி நிற்கவில்லை. அதுதான் விசேஷம். அந்த மாதம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தாள், நிற்கவில்லை. அடுத்த மாதமும் நிற்கவில்லை. டிஷ் கூடாது என்று அரசாங்க அறிவிப்பு வந்து, மொட்டை மாடியில் டிஷ் தட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்து வைத்தபோதும் படம் வந்துகொண்டுதான் இருந்தது. ஹாஜரா அதிலிருந்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். படம் வருகிறதென்றால் தம்பி இருக்கிறான். தம்பி இருக்கிறான், தன்னை மறக்கவும் இல்லை. இதற்கு மேல் போன் எதற்கு? வாயைத் திறந்தால் மறுபடி உம்மாவில்தான் போய் முட்டும். கரண்ட் வருகிற நேரம் பார்த்து மோட்டார் போட்டு, சோறு வடித்து, துணி துவைத்து, மாடி ஏறி இறங்கி ஓய்ந்து போகிறவளுக்குச் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. எதிரே இருக்கிற படத்தோடு விட்டுவிட்டாள்.

அந்தப் படம்தான் போன வெள்ளிக்கிழமை நின்றுபோனது.

கரண்ட் வந்தது. டிவி எரிந்தது. நீலத் திரையில் இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி. மழையில் தட்டு திரும்பியிருக்கும் என்றார் அய்யூப். காக்கா கூடு கட்டியிருக்கும் என்றாள் ஹாஜரா. இரண்டு நாள் கழித்து, தட்டு மாட்டுகிற சொக்கன் வந்தான். தெருவில் அவனுக்கு கோ சொக்கன் என்று பேர். பர்மிய மரியாதையும் தமிழ்ப் பேருமாக. அவன் மேலே போய்ப் பார்த்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தான்.

"தட்டுல ஒண்ணும் இல்ல, மாமி. சிக்னல் நல்லாவே இருக்கு. சந்தா முடிஞ்சிருச்சுன்னுதான் திரையில எழுதியிருக்கு. அங்கிட்டுக் கட்டலை."

 ஹாஜரா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா கவலப்படுறீங்க? சென்னையில நமக்கு ஆள் இருக்கு. பெட்டி நம்பரக் குடுங்க, போட்டுவிடச் சொல்றேன். சாயங்காலமே நாடகம் பாக்கலாம்."

"குடு, குடு" என்றார் அய்யூப். "நல்ல புள்ள. ஹாஜரா, நம்பர் பெட்டிக்கு அடியில இருக்கும், பாரு."

"வேணாம்" என்றாள் ஹாஜரா.

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். தம்பி, நீ டீயைக் குடிச்சிட்டுப் போ."

சொக்கன் போனதும் அய்யூப் தன்பாட்டுக்குப் புலம்பத் தொடங்கினார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? எவனோ ஒரு சென்னைக்காரன் கட்டினால் படம் வரும்தான். ஒவ்வொரு மாதமும் வரும். அந்தப் பக்கம் தம்பி இருக்கிறானா இல்லையா என்பது மட்டும் அவளுக்குத் தெரியவே தெரியாது. அது படமா? அதற்கு இந்த நீலத் திரையே தேவலை.

அவன் கட்டவில்லை என்றால் காரணம் இரண்டில் ஒன்று. வெறுத்துப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்ட ஆள் இல்லை. அவனுக்குச் சர்க்கரை உண்டு, நெஞ்சுவலியும் ஒரு தடவை வந்து போயிருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவள், கையேந்தி என்ன கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் இருந்தாள். கடைசியில் கேட்டே விட்டாள். யா அல்லாஹ், அவனுக்கு என் மேல் கோபமாகவே இருக்கட்டும். காறித் துப்புகிற அளவுக்குக் கோபமாக இருக்கட்டும். கூடப்பிறந்தவனின் வெறுப்பை வேண்டி துஆ கேட்டவள் இந்தத் தெருவில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

பிறகு போனை எடுத்தாள். விபிஎன் போட்டால்தான் கால் போகும். அது சுற்றிச் சுற்றி நின்றது. மறுபடி போட்டாள். மறுபடி நின்றது. விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தெரியாமல் இருப்பதிலும் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. இன்னொரு தரம் போட்டாள். மணி அடித்தது.

எடுத்தது பொம்பளைக் குரல். தம்பி பெண்டாட்டி நாஜியா. தம்பியின் போனை அவள் எடுக்கிறாள் என்றதுமே, கட்ட ஆள் இல்லை என்றே ஹாஜரா முடிவுகட்டிவிட்டாள்.

"மைனியா? அஸ்ஸலாமு அலைக்கும், மைனி. நல்லா இருக்கீங்களா?"

"தம்பி எங்க?" சலாமுக்குப் பதில் சலாம்கூடச் சொல்லவில்லை.

"குளிக்கிறாங்க. இருங்க, கூப்பிடுறேன்."

குளிக்கிறான். ஹாஜரா சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உலகத்தில் அதைவிட நல்ல சேதி எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. குளிக்கட்டும், ஆற அமரக் குளிக்கட்டும்.

அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தம், நாஜியாவின் முணுமுணுப்பு. பிறகு அவன் குரல்.

"லாத்தா."

"ம்."

"டிவி தெரியலையா?"

"தெரியலை."

"நான்தான் நிறுத்தினேன்."

"நீ மௌத்தாயிட்டேன்னு நெனச்சேன்டா, பாவி" என்றவள் அழுதாள். அழுகையை மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. "மாசாமாசம் படம் வந்துச்சு. நீ இருக்கே, என்னை மறக்கலைன்னு அதுலயே இருந்துட்டேன். அது போதும்னு இருந்துட்டேன்."

 லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"உனக்கு டிவி இருந்துச்சு" என்றான். "எனக்கு என்ன இருந்துச்சு, லாத்தா?"

 நாலு வருஷத்தில் இது ஒரு நாளும் அவளுக்குத் தோன்றியதில்லை. பர்மாவில் குண்டு விழுந்தது, பூமி அதிர்ந்தது என்று அவன் எத்தனை செய்தி பார்த்திருப்பான்? பார்த்துவிட்டு, அக்கா இருக்கிறாளா என்று எதை வைத்துத் தெரிந்துகொண்டிருப்பான்? அவனுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நீலத் திரைகூட இல்லை.

"கட்டுறத நிறுத்தினாத்தான் நீ கூப்பிடுவேன்னு நாஜியா சொன்னா" என்றான். "இத்தனை நாளா எனக்கு மனசு வரலை. படத்தப் பாத்தே நீ இருந்துருவேன்னு தெரிஞ்சிருந்தா மொத மாசமே நிறுத்தியிருப்பேன்."

உம்மாவைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. சர்க்கரை எவ்வளவு என்று அவள் கேட்டாள். மச்சான் முட்டி எப்படி என்று அவன் கேட்டான். அய்யூப் நாற்காலியிலிருந்தபடியே டிவியைக் காட்டிக் காட்டிச் சைகை செய்துகொண்டிருந்தார்.

"சரி, இப்பவே கட்டிவிடுறேன்" என்றான் தம்பி. "அஞ்சு நிமிஷத்துல வந்துரும்."

ஹாஜரா புருஷனைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம். நாளைக்குக் கட்டு."

"ஏன்?"

"நாளைக்கும் நான் கூப்பிட்டுக் கேக்கணும்ல."