ஊசி ஸயாவைத் தேடிப் போன செருப்பு

1

இந்தக் கதையில எனக்கு முதல்ல கிடைச்சது அதிர்ச்சிதான். கதை பின்னாடிதான் வந்துச்சு. ஒரு பொம்பளை என் காலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டா. அது இன்னும் நெஞ்சுல அடைச்சுக்கிட்டு நிக்குது. அதை இறக்கி வைக்கத்தான் எழுத உக்காந்தேன். கேள்வியை முதல் வரியிலேயே போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் ஆகல. உங்களுக்கு அந்தப் பொம்பளையும் தெரியாது, என் காலும் தெரியாது. அதனால அடிச்சிட்டு மெதுவா வர்றேன்.

நான் அப்துல் பாரி. ஊரு அதிராம்பட்டினம். ரங்கூன்ல ஒரு குடைக்கடையில நிக்கிறேன். எழுத யாரும் சொல்லித் தரல. குடை சுத்தி வர்ற தாளோட பின்பக்கத்துல எழுதுவேன். இங்க நம்ம புள்ளைங்க தமிழ் பேசினா புரிஞ்சுக்கும், படிக்கத் தெரியாது. அதனால நான் 'நீங்க'ன்னு சொல்றது யாரைன்னு எனக்கே தெரியல. இருந்தாலும் கேளுங்க.

ஆரம்பம் ஒண்ணு: இரண்டாயிரத்து ரெண்டாம் வருஷம், ஆடி மாசம், வானம் பொத்துக்கிட்டு

வேணாம். ரங்கூன்ல ஆடியில மழைன்னு எழுதுறதும் கடல்ல தண்ணின்னு எழுதுறதும் ஒண்ணு.

ஆரம்பம் ரெண்டு: என் ரூம் கூட்டாளி பர்கத்துல்லா காய்ச்சல்ல கிடந்தான்.

இது இருக்கட்டும்.

2

பர்கத்துல்லா நல்ல உயரம், அகலமான மார்பு, இல்ல. கதைக்காக உயரமாக்கப் பார்த்தேன். குட்டை. முன்வழுக்கை. ரங்கூன்லயே பொறந்தவன். ஒரே ரூம்ல வருஷக்கணக்கா இருக்கோம். சாயங்காலம் ஒரு துணிப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் போவான். "எங்கப்பா?"ன்னா, "படகு ஜெட்டிப் பக்கம் சில்லறை வேலை காக்கா"ம்பான். அதுக்கு மேல நான் கேட்டதில்ல.

(எங்க ஊர்ல அக்காவை ராத்தான்னும் அண்ணனை காக்கான்னும்தான் கூப்பிடுவோம். பறவை இல்ல. சிரிச்சிட்டீங்கன்னா மேல போவோம்.)

மூணு நாளைக்கு முன்னாடி பர்கத்துல்லா ரோட்டுல முழங்கால் தண்ணியில நடந்தப்ப உள்ளங்கால்ல என்னமோ குத்திருச்சு. காட்டவே இல்ல, லுங்கியை இழுத்து மூடிக்கிட்டான். நான் பார்க்கும்போது கால் மினுமினுன்னு வீங்கி, செவப்பு முட்டிக்கு மேல ஏறிருச்சு.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலன்னு கேப்பீங்க. பக்கத்து ரூம்காரனும் நானும் தூக்கினோம். மாடிப்படிக் கம்பியைப் பிடிச்சான், விடவே இல்ல. அந்தக் காய்ச்சல்ல அவ்வளவு பலம் எங்கேருந்து வந்துச்சோ.

"அந்த கேட்டுக்குள்ள என்னைக் கொண்டு போகாதீங்க காக்கா. எண்பத்தெட்டுல பட்டாளம் ஆஸ்பத்திரியில சுட்டப்ப நான் உள்ள இருந்தேன்."

"உடம்பு சரியில்லாமயா?"

என்னைப் பார்த்து லேசா சிரிச்சான். அப்புறம் பதில் சொல்ற நிலைமையில இல்ல. பர்மா பாஷையில பொலம்ப ஆரம்பிச்சிட்டான். என் பர்மா கடை பர்மா, விலை சொல்லத்தான் ஆகும். ஆனா திரும்பத் திரும்ப ஒண்ணையே சொன்னதால புரிஞ்சுது. "இறுக்காதீங்க. லேசா விடுங்க." யார்கிட்ட சொல்றான்னு தெரியல.

3

கீழ்வீட்டு சுல்தான் பீவி ராத்தா ஏறி வந்து பார்த்துச்சு. மூக்கைச் சுளிச்சுச்சு.

"குடிச்சிட்டு எங்கயாவது விழுந்திருப்பான்."

"குடிக்க மாட்டான் ராத்தா."

"நீ கண்டியா? ராத்திரி படியேறினா என் வீடு வரைக்கும் ஸ்பிரிட்டு நாத்தம். என் மூக்கு பொய் சொல்லாது." சொல்லிக்கிட்டே குனிஞ்சு காலைத் தொட்டுப் பார்த்துச்சு. குரல் மாறிருச்சு. "யா அல்லா. நெருப்பா கொதிக்குதே. ஊசி போட்டாகணும்பா, காலை வரைக்கும் தாங்காது."

"நம்ம தெருவுல யாரு இருக்கா?"

"இந்தத் தெருவுல என்ன இருக்கு? க்யிம்யிண்டைங் ஜெட்டிக்குப் போ. அங்க கோ மின் ஸோன்னு ஒரு ஊசி ஸயா. ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவராம். ஆம்பளை நர்ஸு. நான் பார்த்ததில்ல, என் நாத்தனார் மக சொன்னா. எங்கிருந்து வர்றார்னு யாருக்கும் தெரியாதாம், சாயங்காலமானா வந்துருவாராம். கையில காலுல விழுந்தாவது கூட்டிட்டு வா."

(ஸயான்னா இங்க வாத்தியாரும் ஸயா, டாக்டரும் ஸயா, ஊசி போடுறவரும் ஸயா. மரியாதையான சொல்லு.)

மழை. கரண்டு இல்ல. குடைக்கடைக்காரன் குடையை மறந்துட்டு, வாசல்ல கால்ல மாட்டின செருப்போட ஓடினேன்.

4 (இதை அடிச்சாச்சு)

முதல்ல எழுதினப்ப கோ மின் ஸோவுக்குப் பதிலா மிஸ்பான்னு ஒரு நர்ஸை வெச்சேன். வெள்ளைச் சட்டை, கன்னத்துல சந்தனம் மாதிரி தனகா. அவ என்கூட ஒரே குடையில நடந்து வர்றா. தனியா இருக்கிற ஆம்பளை எழுதினா பேனா அப்படித்தான் போகும். ரெண்டு தாள் எழுதிட்டுப் பார்த்தா, நடக்கிறோம், நடக்கிறோம், பர்கத்துல்லா கிட்ட போய்ச் சேரவே இல்ல. அவன் அங்க கொதிச்சிட்டுக் கிடக்கான். கிழிச்சிட்டேன்.

5

ஜெட்டிக்கு எதிர்ல ஒரு டீக்கடை. அதோட பெஞ்சுலதான் ஸயா வந்து உக்காருவாராம். அங்க ஏற்கெனவே ஆளுங்க காத்திருந்தாங்க. கையில கட்டுப் போட்ட ஒரு படகுக்காரன், ஒரு கர்ப்பிணி, இன்னும் ரெண்டு மூணு பேரு. நானும் கடைசியில உக்காந்தேன். பக்கத்துல கருவாட்டு வாசத்தோட ஒரு அம்மா. என் தொப்பியைப் பார்த்துட்டுத் தமிழ்ல பேசிச்சு.

"ஸயாவுக்கா பாய்? எனக்குப் பின்னாடிதான் நீங்க. ஊடால பூந்துராதீங்க."

"ரொம்ப அவசரம்மா."

"இங்க யாரு சும்மா காத்து வாங்க வந்திருக்கா?" அப்புறம் மனசு இளகி, "என் பேரு காளியம்மா, கருவாடு விக்கிறேன். பேத்திக்கு நெஞ்சு சளி. ஊசி பாதியில நிக்குது. நேத்தும் ஸயா வரல, முந்தாநாளும் வரல. புயல் அடிச்சாலும் வர்ற மனுஷன். கல்யாணம் கில்யாணம் ஆயிருச்சோ என்னமோ."

"நல்லா பார்ப்பாரா?"

"கை பஞ்சு மாதிரி. குத்தறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்வாரு. இறுக்காதீங்க, லேசா விடுங்கன்னு. முகத்தைப் பார்த்தா நம்ம ஆளு மாதிரிதான். ஆனா பர்மாவைத் தவிர ஒரு வார்த்தை வாயில வராது."

இந்த இடத்துல நான் கண்டுபிடிச்சிருக்கணும். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. கதை எழுதறவன் நான், கண்டுபிடிக்கல. ஊசி போடுற எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்கன்னு நினைச்சிட்டு, ரோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒவ்வொரு சைக்கா ரிக்‌ஷாவும் வரும்போது எல்லாரும் எழுந்திருப்போம், எல்லாரும் உக்காருவோம்.

இருட்டுறப்ப காளியம்மா குனிஞ்சு என் காலைப் பார்த்துச்சு. ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"பாய், இது ஸயாவோட செருப்பு இல்ல?"

6

அதுதான் அந்தக் கேள்வி.

இடது கால்ல நீலம். வலது கால்ல பச்சை. பள்ளிவாசல்ல யாரோ மாத்திப் போட்டுட்டுப் போனதால பர்கத்துல்லாவுக்கு வாய்ச்ச ஜோடி. "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு காக்கா"ன்னு அதையே போட்டுக்கிட்டுத் திரிஞ்சான். அவசரத்துல நான் மாட்டிட்டு வந்திருக்கேன்.

படகுக்காரன் கட்டுப் போட்ட கையாலேயே என் சட்டையைப் பிடிச்சான். அவன் பர்மாவுல கத்தினதை காளியம்மா தமிழ்ல கேட்டுச்சு.

"ஸயாவை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல. வீட்ல இருக்கான். காய்ச்சல்."

"யார் வீட்ல?"

"எங்க வீட்ல."

"அப்ப நீங்க இங்க யாரைத் தேடி வந்தீங்க?"

"அவனைத்தான்."

படகுக்காரன் என் சட்டையை விட்டான். மழை தகரத்துல விழுந்துட்டே இருந்துச்சு.

இங்க பொறந்த நம்ம ஆளுங்களுக்கு ரெண்டு பேரு. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் வெளியாளுக்கும் ஒரு பர்மாப் பேரு. வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் நம்ம பேரு. ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு முட்டாம ஒரு ஆயுசையே ஓட்டிரலாம். ஊர்லேருந்து வந்த எனக்கு ஒரே பேரு, அதனால அடுத்தவனுக்கு இன்னொண்ணு இருக்கும்னு கேக்கத் தோணல. தலைமாட்டுல படுத்திருந்தவனைத் தேடி ஊரைக் கடந்து வந்து, அவனுக்காக வரிசையில உக்காந்திருந்தேன். இதை எந்த வரியில எழுதினாலும் எழுத்து சின்னதாயிருது.

7

காளியம்மா லைன் கார்ங்கற பிக்கப் பஸ்ல என்கூடவே வந்துச்சு. படியேறினப்ப மூச்சு வாங்கிச்சு. உள்ள போயி "ஸயா"ன்னு கூப்பிட்டுச்சு. அந்தச் சொல்லுக்கு பர்கத்துல்லா கண்ணைத் திறந்தான். நான் அத்தனை தடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டும் திறக்காத கண்ணு.

"அம்மா. புள்ளைக்கு ஊசி யாரு போட்டது?"

தமிழ். காளியம்மா அப்படியே சுவர்ல சாஞ்சிருச்சு.

"அடப்பாவி. இத்தனை நாளா பல்லு ஒடைய ஒடைய உங்கிட்ட பர்மா பேசினேனே."

சுல்தான் பீவி ராத்தா அவன் துணிப்பையிலேருந்து ஒரு எஃகு டப்பாவை எடுத்துத் திறந்துச்சு. சிரிஞ்சு, பஞ்சு, ஸ்பிரிட்டு பாட்டில். வீட்டுக்குள்ள அந்த நாத்தம் பரவுச்சு. ராத்தா யாரையும் பார்க்கல. மருந்துக் குப்பிகளும் இருந்துச்சு.

"மருந்தைக் கையிலேயே வெச்சுக்கிட்டாடா கிடந்தே?"ன்னு கேட்டேன்.

"அது என்னுது இல்ல காக்கா. அவங்க புள்ளைக்கு வாங்கிக் குடுத்தது."

காளியம்மா குப்பியை எடுத்து என் கையில வெச்சுச்சு. "புள்ளைக்குக் காலையில வாங்கிக்கலாம். நீ இல்லாம அவளுக்கு யாரு போடுவா? பாய், போடுங்க."

"நானா?"

"என் கை முள்ளு குத்திக் குத்தி மரத்துப் போச்சு. அந்தம்மாவுக்கு இந்த வெளிச்சத்துல கண்ணு தெரியல. வேற யாரு?"

பர்கத்துல்லா விட்டு விட்டு சொன்னான். எனக்கு ஒத்துக்கிற மருந்துதான், பயப்படாதீங்க. ஊசியைக் கொதிக்க வைங்க. காத்தை வெளியேத்துங்க. ஒரு பக்கத்துப் புட்டத்தை மனசுல பரோட்டா மாதிரி நாலா பிச்சுக்கங்க, வெளிப்பக்கத்து மேல் துண்டு. அங்க மட்டும். சொல்லிட்டே கண்ணு சொருகுது. அரிக்கேன் வெளிச்சத்துல நான் ஊசியை இறுக்கிப் பிடிச்சேன்.

"இறுக்காதீங்க காக்கா"ன்னான். "லேசா விடுங்க."

8

இத்தோட தாள் முடிஞ்சுது. வேற தாள் இருக்கு. எழுதித்தான் பார்த்தேன்.

முடிவு ஒண்ணு: விடியக்காலையில காய்ச்சல் இறங்கிருச்சு. எழுந்து உக்காந்து, "காக்கா, இடம் தப்பு, துண்டு மாறிப் போச்சு"ன்னு சிரிச்சான். (சுல்தான் பீவி ராத்தாவுக்கு இதுதான் பிடிச்சிருக்கு. கடைசியில கறிச்சோறு விருந்தும் சேத்துக்கச் சொல்லுது.)

முடிவு ரெண்டு: எனக்குக் கை வரல. காளியம்மா என் கையைப் பிடிச்சு அழுத்திச்சு. மருந்து உள்ள போச்சு. அதுக்கப்புறம் அவன்

இல்ல.

நடந்ததையே எழுதலாமேன்னு கேப்பீங்க. நடந்தது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பெஞ்சுல உக்காந்தப்ப, தேடி வந்த ஆளு எங்க இருக்கார்னு எனக்குத் தெரியல பாருங்க, உங்களையும் அந்த நேரத்துலயே விட்டுட்டுப் போகத் தோணுது. அதை விட்டா அந்த அதிர்ச்சியைக் கை மாத்த எனக்கு வழி தெரியல.

ரங்கூன் வந்தா எங்க மாடி ஏறுங்க. கதவைத் தட்டாதீங்க, முதல்ல வாசல்ல பாருங்க. நீலமும் பச்சையும் இல்லன்னா, ஸயா ஜெட்டிக்கு ஊசி போடப் போயிருக்கார். கீழ்வீட்ல டீ குடிச்சிட்டுக் காத்திருங்க. இருந்துச்சுன்னா, உள்ள இருக்கான். பர்கத்துன்னு கூப்பிடுங்க, ஸயான்னும் கூப்பிடுங்க. ரெண்டு பேரையும் சொல்லிக் கூப்பிடுங்க.

ரெண்டுக்கும் யாரும் வரலன்னா, அந்தச் செருப்பை அங்கயே விட்டுட்டு இறங்கிருங்க. நான் தினமும் அதைத் தொடைச்சு வெக்கிறேன்.