பால் வடியாத தண்டு

மகள் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து அவளுடைய ஆமை எதையும் தின்னவில்லை. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தினமும் கொல்லையில் குனிந்து, அதற்காகப் பருப்புக்கீரையைத் தேடினேன். அதே சாயலில் ஒரு விஷச்செடியும் படர்ந்திருந்ததால், ஒவ்வொரு தண்டையும் முறித்துப் பார்த்தேன். பால் வடிந்தால் விஷம். என்ன செய்கிறாய் என்று கேட்க இந்த வீட்டில் யாருக்கு நேரம்?

இன்று காலை, போனால் போகிறது என்பதுபோல், ஆமை ஓர் இலையைக் கவ்வியது.

பல் தேய்த்தபடி வந்த கணவர் சொன்னார்: "இன்னும் ஏன் களை புடுங்குற? உன் இடுப்பு ஒடியுதேன்னு நேத்தே கொல்லை முழுக்கக் களைக்கொல்லி அடிச்சுட்டேனே."

"துப்பிடு கண்ணு, துப்பிடு" என்று கெஞ்சியபடி அதன் வாயில் விரலை நுழைக்கப் பார்த்தேன்.

ஆமை இலையோடு தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.